என் ஜன்னலில் புல் தெரியும்வரை

பயணக் கதைகளில் எல்லோருக்கும் இடம் உண்டு. வண்டி ஓட்டுகிறவருக்கு உண்டு, கோட்டையைக் கட்டிய அரசனுக்கு உண்டு, அவன் கூண்டில் அடைத்த கைதிக்கும் மதிய உணவோடு வந்த திராட்சை மதுவுக்கும்கூட உண்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளுக்கு மட்டும் இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டுகிறவள், ஆரஞ்சை நார் நீக்கிச் சுளை சுளையாகக் கொடுக்கிறவள், படத்தை எடுக்கிறவள் என்பதாலேயே படத்தில் இல்லாதவள். நான் அவள். பெயர் மதலேன். புதுச்சேரியில் பிறந்து, சென்னையில் வரலாறு முதுகலை படித்து, கல்யாணமாகிப் பிரான்சுக்கு வந்து, பாரிஸை ஒட்டிய சார்செல் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நரம்பில்லாத நாக்கு என்று இரண்டு நாட்டிலும் பெயர் வாங்கியவள். இந்த இருக்கையிலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் போகும். ஓட்டுகிறவர் இடப்புறம் உட்காருவார். ஆகவே பக்கத்து இருக்கைக்காரியின் ஜன்னலுக்குக் கீழே எப்போதும் சாலையோரம் ஓடிக்கொண்டிருக்கும், புல்லும் சிறு பள்ளமும் பண்ணை வீட்டுத் தபால் பெட்டியுமாக. புல் தெரியும்வரை எல்லாம் சரி. இன்று மதியம் லோஷ் நகரத்தை விட்டுக் கிளம்பியபின் இருமுறை என் ஜன்னலில் புல் இல்லை. தார் இருந்தது. வெறும் தார்.

இப்போது இருக்கிறது. காய்ந்த புல், நடுநடுவே நீலப் பூ, அதன் பெயர் எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, ஆகஸ்டு முடிவில் இந்தத் தேசத்தில் எல்லாமே காய்ந்துதான் கிடக்கிறது, அப்பால் சூரியகாந்தி வயல், அஞ்சலட்டையில் சிரிக்கும் சூரியகாந்தி அல்ல, கறுத்து, கழுத்து ஒடிந்து, தலை கவிழ்ந்து, தண்டனைக்கு நிறுத்திவைத்த கூட்டம்போல வரிசை வரிசையாக நிற்கிறது, அறுப்புக்கு முன் அப்படித்தான் காயவிடுவார்களாம், அவர் சொன்னார், நேற்றுச் சொன்னார், காலையில் சொன்னார், சற்று முன்னும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொன்னார். அவர் என் கணவர் அருளப்பன். பாரிஸ் புறநகரில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேருந்தில் ஏறலாம் என்பார்கள். அவர் கையில் ஸ்டியரிங் இருந்தால் மற்றவர்கள் தூங்கலாம் என்பது எங்கள் வீட்டு வேதவாக்கு. நான் கார் ஓட்டப் படிக்காததற்கும் அந்த வேதமே காரணம். வந்த புதிதில் கேட்டேன், நானும் படிக்கட்டுமா என்று, "நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி" என்றார். பங்குச் சாமியாரிடம் உங்கள் பிரசங்கத்தில் பாதியை வெட்டலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான், நூலக இயக்குநரிடம் நீங்கள் புத்தகம் படித்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டவள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எதிர்க்கேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்டேன், அதில் அன்பு இருந்தது, அல்லது அன்பின் குரலில் வேறேதோ பேசியது, இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை, அவர் ஓட்டினார், நான் ஆரஞ்சு உரித்தேன். இப்போதும் உரிக்கிறேன். நகக்கண் எரிகிறது. புல் இருக்கிறது.

முதலில் கை. பயணத்தின் முதல் நாள் ஷார்த்ர் பேராலயத்தின் கார் நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது அவருடைய இடக்கை கதவைத் துழாவியது. கியரைத் தேடி. இந்த வண்டியில் கியர் அவருக்கு வலப்பக்கம், எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது, நாற்பத்தைந்து வருடமாக அங்கேதான் இருக்கிறது, அவருடைய இடக்கையோ கதவின் பிளாஸ்டிக்கைத் தட்டி, தடவி, அங்கே ஒன்றுமில்லை என்று கண்டு, குழந்தை தூக்கத்தில் கைவிட்ட பொம்மையைத் தேடுவதுபோல் மறுபடி தடவியது. நான் சிரித்தேன். "என்ன தேடறீங்க, கதவைக் கழட்டப் போறீங்களா?" என்றேன். அவரும் சிரித்தார். சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்தது. அதற்குமுன் ஆலயத்துக்குள், தரையில் கல்லால் பதித்த அந்தச் சுற்றுவழியில் யாத்திரிகர்களோடு அவரும் வளைந்து வளைந்து நடந்தார், நடுவட்டத்தை அடைந்தார், மற்றவர்கள் வந்த வழியே திரும்பினார்கள், அவர் நின்றுவிட்டார், நீலக் கண்ணாடியின் ஒளி அவர் வழுக்கையில் விழுந்திருந்தது, ஜெபிக்கிறார் என்று நினைத்தேன், ஜெபத்தைக் கலைக்கக் கூடாதென்று தூணருகே உட்கார்ந்தேன், அவர் ஜெபிக்கவில்லை, எப்படி வெளியே வருவதென்று தெரியாமல் நின்றார், இதை இப்போது அறிகிறேன், அப்போது படம் எடுத்தேன். பிறகு அம்புவாஸ் ஊருக்கு முன்னால் ஒரு ரவுண்டானா. இந்த நாட்டில் ஊருக்கு ஊர் ரவுண்டானா. இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவதாகவும் சுற்றியபோது அவரைப் பார்த்தேன். "என்ன பாக்கற? சுத்திப் பாக்கத்தானே வந்தோம்" என்றார். அப்படிப்பட்ட பதில் சொல்கிற மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரலாறு படித்தவள் சொல்லக் கூடாத வாதம் அது. இடிந்துவிழும் கோட்டைகள் எல்லாவற்றிலும் முகப்பு கடைசியில்தான் விழுகிறது.

லோஷில் கோட்டையைப் பார்த்தோம். வழிகாட்டிப் பெண் வெண்கல மணிபோன்ற குரலில் கூண்டுகளைப் பற்றிச் சொன்னாள், அரசன் தன் பகைவர்களை அடைத்து வைத்தானாம், நிமிர்ந்து நிற்கவும் முடியாது, காலை நீட்டிப் படுக்கவும் முடியாது. அமெரிக்கப் பெண்மணி ஒருத்தி ஐயோ என்றாள். நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல, ஒரு வாக்கியத்தோடு அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஐந்தாறு சொற்கள், நீங்கள் இனி வண்டி ஓட்டக் கூடாது, இலக்கணம் சரியாக இருக்கிறது, பொருளில் குழப்பமில்லை, நாக்கு நுனிவரை வருகிறது, அவருடைய கைகளைப் பார்க்கிறேன், ஸ்டியரிங்கில் அவை இருக்கும் அழகைப் பார்க்கிறேன், தொண்டைக்குத் திரும்பிவிடுகிறது. மதிய உணவுக்குப்பின் கிளம்பினோம். ஊரெல்லை தாண்டி, வாகனங்கள் ஓய்ந்து, சாலை ஒடுங்கி, நடுவில் வெள்ளைக்கோடும் இல்லாமல் போனதும் என் ஜன்னலில் புல் விலகியது. நிதானமாக, யாரோ பாயைச் சுருட்டுவதுபோல. என் பக்கம் தார் வந்தது, அவர் பக்கம் பள்ளம் போனது. "ஏங்க, இந்தப் பக்கம்" என்றேன். "தெரியும்" என்றார், சட்டென்று திருப்பினார், காது சிவந்திருந்தது. இரண்டாம் முறை நான் சொல்வதற்குள் அவரே திரும்பினார். அதுதான் எனக்கு அதிகப் பயம். அவருக்கே தெரிகிறது. தெரிகிற ஒருவர் உள்ளே இருந்துகொண்டு, தெரியாத ஒருவரை என்னிடமிருந்து மறைக்கிறார்.

பின் இருக்கையில் ஒரு தலையணை இருக்கிறது. நீளமானது, பிறைபோல் வளைந்தது, கர்ப்பிணிகள் வயிற்றுக்கு அணை கொடுக்கும் வகை, வெள்ளை உறையில் சிறு சிறு மஞ்சள் நட்சத்திரம். அருளப்பன் தேர்ந்தெடுத்தது. அதற்கும் சீட் பெல்ட் போட்டிருக்கிறார். இன்று மாலை லிமோழில் எங்கள் மகள் சில்வி அந்த இருக்கையில் ஏறிக்கொள்வாள், ஏழாம் மாதம், நாங்கள் அவளை லா ரொஷேலுக்குக் கடல் காட்ட அழைத்துப் போகிறோம், இந்தச் சாவகாசமான பயணமே அதற்காகத்தான், அவளுடைய கணவனுக்கு விடுப்பில்லை, மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டார், பப்பா ஓட்டுவதாக இருந்தால் வருகிறேன் என்றாள். லிமோழுக்குள் நான் அந்த ஐந்தாறு சொற்களைச் சொல்லியாக வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டும், அல்லது அவளிடம். கண்ணாடியில் தலையணையைப் பார்க்கிறேன். அது இப்போதே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. கைபேசி அடித்தது, காரின் ஒலிபெருக்கியில் அவள் குரல், "பப்பா! எங்க வந்துட்டீங்க?" அவர் முகம் மலர்ந்தது. "வந்துக்கிட்டே இருக்கேன்டா கண்ணு. ரோடு காலி. வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போறேன்." "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல. மம்மா, நீ சும்மா இரு என்ன, அவரத் தொணதொணன்னு பேசி டிஸ்டர்ப் பண்ணாத." "பேசலடி," என்றேன், "சில்வி, உங்க பப்பா—" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சாலையைப் பார்க்க வேண்டியவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் பேசியிருப்பேன், கோபத்தோடு சண்டையிட எனக்குத் தெரியும், அந்தக் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது, நாற்பத்தைந்து வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியதில்லை. "—பப்பாவுக்கு ரசம் வெச்சு வை," என்றேன். "அவ்வளவுதானா! ஏதோ குண்டு போடப்போறன்னு பயந்துட்டேன்," சில்வி சிரித்தாள். அழைப்பு துண்டானது. என் நாக்கை நான் கடித்திருந்தேன் போலும், உப்புக் கரித்தது.

சாலையின் இருபுறமும் மரங்கள் வந்துவிட்டன. பிளாத்தான் மரங்கள், பட்டை உரிந்து தேமல் படர்ந்த உடம்போடு, கிளைகள் மேலே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வண்டியைக் கூரைக்குள் இழுத்தன. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல், கண் கூசுகிறது, ஊர்கள் எல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குகின்றன, ஒவ்வோர் ஊர் நடுவிலும் போரில் செத்தவர்களுக்கு ஒரு கல், பெயர் பெயராக, பிறகு மறுபடி மரங்கள். அவர் வேகத்தைக் கூட்டினார். தோள் தளர்ந்திருந்தது. மெல்லச் சீழ்க்கை அடித்தார், கல்யாணத்துக்கு முன் அவர் அடித்த சீழ்க்கை அது, தன் மாமா வீட்டு அம்பாசடரைக் கல்யாணங்களுக்கு ஓட்டிய காலத்தில் எங்கள் தெருமுனையில் கேட்ட சீழ்க்கை. பிறகு சொன்னார், மிகச் சாதாரணமாக, "அரியாங்குப்பம் பாலம் வந்தா சொல்லு, மதலேன். கெபிகிட்ட நிறுத்தணும். போன தடவ நிறுத்தாமப் போய்ட்டேன்னு மாமா திட்னாரு." எனக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை, அதுதான் கொடுமை, உடனே புரிந்தது. இவை அவருக்குப் பிளாத்தான் மரங்கள் அல்ல. புளியமரங்கள். இது கடலூர் ரோடு. பாலத்துக்கு முன்னால் அவருடைய மாமா கட்டிய சிறிய மாதா கெபி இருந்தது, நீலம் பூசிய சிமெண்டுக் குகை, அதன் எதிரே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கிச் சிலுவை போட்டுக்கொள்ளாமல் அந்த வீட்டு டிரைவர் எவரும் பாலம் ஏறியதில்லை, ஒரு கல்யாண ஊர்வலத்தின்போதும் நிறுத்தினார், பட்டுச் சேலையில் வியர்த்துக்கொண்டு நான் சொன்னேன், "உங்க மாதாவுக்கு பிரேக் பிடிக்கத் தெரியுமா?" என்று, காரில் இருந்த கிழவிகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அவர் ஒருவர்தான் சிரித்தார், அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இந்த இருக்கையில் உட்கார்ந்தேன். என் ஜன்னலைப் பார்த்தேன். தார். புல் எப்போது போனது தெரியவில்லை. மாமா வீட்டு அம்பாசடரில் அவர் போகிறார், இடப்புறமாக, சரியாக, அழகாக, பள்ளத்தை உரசாமல் முட்டைக் கூடை அசையாமல் போகிறார், அந்த ஊரில் அதுதான் சட்டம், இந்த ஊரில் எதிரே வருகிற எவனும் எங்கள் நெற்றிக்கு நேரே வருவான். "ஏங்க, வலது பக்கம்," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "வலது பக்கம் வாங்க!" "சும்மா இரு மதலேன், வலது பக்கம் போனா செத்தோம்."

மேட்டின் உச்சியில் முதலில் ஒளி தெரிந்தது, உருக்குபோல் ஏதோ, பிறகு அது பால் வண்டியாக ஆனது, பெரிய தொட்டி வண்டி, எங்களை நோக்கி. அவர் தளரவில்லை. விளக்கை அடித்துக் காட்டினார். "பாரு, ராங் சைடுல வரான். குடிச்சிருக்கான் பேமானி. பாரு அவன!" எனக்கு அந்தக் கணத்தில் பயம் இல்லை, ஏனென்று தெரியாது, என் மடியில் ஆரஞ்சுத் தோல் இருந்தது, அதைக் கீழே போடக் கூடாது, காரைப் புதிதாகத் துடைத்திருக்கிறார் என்று நினைத்தேன், ஊதல் ஒலி நெஞ்செலும்புக்குள் நுழைந்தது, ஸ்டியரிங்கைப் பிடுங்கலாம் என்று நினைத்தேன், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு ஓட்டத் தெரியாது, நான் இருக்கேன்ல, நான் இருக்கேன்ல, வெள்ளைச் சுவரொன்று என் ஜன்னலைத் துடைத்துக்கொண்டு போனது, அந்த ஓட்டுநரின் திறந்த வாயைப் பார்த்தேன், பக்கவாட்டுக் கண்ணாடி பட்டென்று மடிந்தது, பிறகு ஒன்றுமில்லை. வெளிச்சம். நிழல். பால் வண்டி எதிர்ப்புறப் புல்லில் ஏறி எங்களைப் பிழைக்க விட்டிருந்தது. "இவனுக்கெல்லாம் யாரு லைசன்ஸ் குடுத்தது," என்றார் அருளப்பன். சரிவில் இறங்கினோம். கீழே தண்ணீர் மின்னியது, க்ரேஸ் ஆறு, அதன்மேல் பழைய கற்பாலம், பாலத்துக்கு முன்னால் இந்த நாட்டு வழக்கப்படி சாலையோரம் ஒரு கற்சிலுவை, பாசி படிந்து, கைகள் தேய்ந்து. பாலத்தின் மறுமுனையில் பார்வைக்கு எட்டாத வளைவு. உண்மை சொல்லிப் பார்த்தாயிற்று. உண்மைக்கு இந்த வண்டியில் பிரேக் இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பொய்யைத் தோலுரித்தவள் என் குரலைத் தாழ்த்தி, மாமனார் வீட்டுப் புதுமருமகளின் குரலில் சொன்னேன்: "என்னாங்க, கெபி வந்துருச்சு. நிறுத்துங்க. பாலம் ஏறப்போறோம்." அவர் உடனே நிறுத்தினார். அத்தனை மென்மையாக. இடப்புறப் பள்ளத்தை ஒட்டி, பள்ளத்தில் இறங்காமல். கைபிரேக்கை இழுத்தார், என்ஜினை அணைத்தார், இறங்கினார், கற்சிலுவையின் முன் நின்று நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார். சாவி வண்டியிலேயே இருந்தது. உருவினேன். பாலத்தின் கைப்பிடிச் சுவர்வரை நடந்தேன், ஆற்றில் எறிந்தேன். ஒலிகூடக் கேட்கவில்லை. திரும்பியபோது அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியை, சாலையை, மடிந்துபோன கண்ணாடியை. முகம் வெளுத்திருந்தது. இவர் அந்தத் தெரிகிறவர், உள்ளே ஒளிந்திருந்தவர், வெளியே வந்துவிட்டார். "மதலேன், நான் எந்தப் பக்கமா வந்தேன்?" "இடது பக்கமா." "ரொம்ப நேரமா?" "மரம் ஆரம்பிச்சதுலேருந்து." ஆற்றைப் பார்த்தார். "சில்விகிட்ட நானே சொல்றேன்," என்றார், "நீ சொல்லாத. நானே சொல்லணும்." சரி என்றேன். சிலுவையின் படியில் உட்கார்ந்தோம். மீதி ஆரஞ்சைக் கொடுத்தேன், சுளை சுளையாக. தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையைத் தட்டினார், கால்சட்டைப்பையைத் தட்டினார். "கிளம்பலாமா? சாவி எங்க?"

பக்கத்து இருக்கைக்காரி பிறகு என்ன ஆனாள் என்று கேட்பவர்களுக்கு: அன்று மாலை சில்வியின் கணவன் வேலையைப் பாதியில் விட்டு வந்து இருவரையும் அழைத்துப் போனான். சில்வியிடம் சொன்னது அருளப்பன்தான். "உங்கம்மா சாவிய ஆத்துல தூக்கிப் போட்டுட்டா. ஏன்னு தெரியல பாவம்," என்றார், உண்மையாகவே தெரியாமல். பக்கத்து இருக்கைக்காரி நடந்ததைச் சொன்னாள், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். முப்பது வருடப் பேருந்து அவள் சொல்லைவிடக் கனமாக இருந்தது. மூளை மருத்துவரிடம் முதலில் அவளைத்தான் அழைத்துப் போனார்கள். மறதியைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தாள், மருத்துவரின் கடிகாரம் நிமிடக்கணக்கில் பின்தங்கி ஓடுவதையும் சொன்னாள். மாற்றுச் சாவி தருவித்து, அருளப்பனே ஓட்ட, வண்டி லா ரொஷேலுக்குக் கிளம்ப இருந்த காலையில் அதன் முன்னால் நின்றுகொண்டு, சில்வி ஏறினால் என்மேல் ஏற்றிக்கொண்டு போங்கள் என்றாள். சில்வி ஏறவில்லை. கடலும் பார்க்கவில்லை. குழந்தை பிறக்கும்வரை தாயோடு பேசவும் இல்லை. நவம்பரில் அருளப்பன் யாரிடமும் சொல்லாமல் சார்செல் வீட்டிலிருந்து கிளம்பி, நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தபோது காவலர்கள் மறித்தார்கள், யாருக்கும் அடியில்லை. அதன்பின் அவருக்குச் சோதனை நடந்தது. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குடும்பத்தில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது ஷார்த்ர் வருகிறது, லோஷ் வருகிறது, தலையணைக்கு பப்பா பெல்ட் போட்ட கதை வருகிறது. அவள், சாவியை எறிந்தவளாக மட்டும் வருகிறாள். அருளப்பன் மூன்றாண்டுகள் முதியோர் இல்லத்தில் இருந்தார். பாலம் வந்துவிட்டதா என்று கேட்பார், இன்னும் வரவில்லை என்பாள். ஒரு பிப்ரவரியில் இறந்தார். அவள் சார்செலிலேயே தனியாக வாழ்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கு போனாலும் பேருந்தில் போகிறாள், வலப்பக்கம், ஜன்னலோரம் உட்காருகிறாள், வழி முழுவதும் கீழே பார்த்துக்கொண்டே வருகிறாள்.